வலப்பக்கம் நிற்கவும்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. முதுகுவலி மட்டும் காலி பண்ண மறுக்கும் குடித்தனக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உன் காதுவலி எப்படி இருக்கிறது? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாற்றிக் கொடுத்தார்களா, இல்லையா?

அப்பா போய் இன்றோடு முப்பத்தாறு நாள். பட்டறையைத் திறந்துவிட்டேன். முதல் நாள் வந்த லாரிக்காரர் சாவியைக் கொடுக்காமல் அரைமணி நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், "சரி, வேற யாரு இருக்கா"ன்னு கொடுத்தார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

கடைசிக் காரியத்துக்கு நீ வரமுடியாமல் போனதைப் பற்றி இங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மூன்று பேர்தான் கேட்டார்கள்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. முன்னாள் கடற்படையினர் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஆண்டுக் கடைசியில் ஒரு மலர் போடுகிறார்களாம். இந்த வருஷம் இறந்துபோனவர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம். பதினைந்து வருஷம் கப்பல் இன்ஜின் அறை, அப்புறம் இருபத்தெட்டு வருஷம் இந்த ஊரில் மெக்கானிக், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். மீதியைக் குடும்பத்தார் எழுதித் தரவேண்டுமாம். நான் எழுதினால் ரிப்பேர் பில் மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் நீ. நீதான் எழுதவேண்டும்.

இன்னொன்று. பட்டறைத் தரையில் அப்பா போட்ட வெள்ளைக் கட்டம் ஞாபகம் இருக்கிறதா? வண்டிக்காரர்கள் அதற்குள் நின்றுதான் அவரிடம் பேசவேண்டும். சுவரில் "வலப்பக்கம் நிற்கவும்" என்று போர்டு வேறு. இப்போதும் வருகிறவர்கள் நான் எந்த மூலையில் இருந்தாலும் நேரே போய் அந்தக் கட்டத்துக்குள் நின்றுகொண்டு காலி பெஞ்சைப் பார்த்துப் பேசுகிறார்கள். எனக்குச் சங்கடமாக இருக்கிறது. தின்னர் ஊற்றித் துடைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

காது அப்படியேதான் இருக்கிறது. ஹெட்போன் வரவில்லை, அதற்குப் பதில் ஒரு சுற்றறிக்கை வந்தது. முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. எனக்குத் தெரிந்து அப்படிச் சொல்ல அங்கே இப்போது யாரும் இல்லை.

அப்பாவைப் பற்றி நான் எழுதவேண்டுமா? நல்ல ஆளைப் பிடித்தாய். பதினோரு வருஷமாக அவர் குரலைக் கேட்காதவள் நான். நாள் முழுக்க யார் யாரையோ யார் யாரோடோ இணைத்துக் கொடுக்கிறேன். மாலையில் அறைக்கு வந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம்தான் பேச்சுத்துணை. பட்டறைக்கு ஒரு டெலிபோன் வாங்க விண்ணப்பத்தை நானே நிரப்பி அனுப்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. அதைப் போடாமல் திருப்பி அனுப்பினார். மகள் குரல் வேண்டாம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரால் சொல்லமுடியும்?

இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் "கடமை தவறாத வீரர்" என்று சங்கத்துக்காரர்களே நிரப்பிவிடுவார்கள்.

எனக்கு இந்த விவரமெல்லாம் வேண்டும். எந்த வருஷம் சேர்ந்தார், எந்த வருஷம் வந்தார், அவருடைய சர்வீஸ் புத்தகம் இருக்கிறதா, ஊரில் அவருக்கு ஏன் "காது மெக்கானிக்" என்று பெயர் வந்தது. நான் சின்ன வயதில் கேட்டபோது அவர், "சரி சரி, பாத்துக்கலாம்"னு சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடைசியாக ஒன்று. இது மலருக்கு இல்லை, எனக்கு. நான் கிளம்பிய அன்று பட்டறைக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைப் பற்றி எப்போதாவது உன்னிடம் ஏதாவது சொன்னாரா? கோபமா, வருத்தமா, போனால் போகட்டும் என்றா? எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. தெரிந்தால் போதும்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். முதுகு இன்னும் நன்றி சொல்லவில்லை. உன் காதில் நல்லெண்ணெய் விடாதே, அதெல்லாம் சும்மா. டாக்டரிடம் காட்டு.

நீ கேட்டவை. பத்தொன்பது வயதில் சேர்ந்தார், முப்பத்து நாலில் வெளியே வந்தார். கப்பலை விட்டு இறங்கியதும் கடலே கண்ணில் படாத ஊராகப் பார்த்து வந்து சேர்ந்தார். ஏன் என்று கேட்டால், "போதும், சத்தம்"னு சொல்வார். பிறகு லாரி இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொள்வார். எந்தச் சத்தம் போதும் என்று நான் கேட்டதில்லை.

"காது மெக்கானிக்" பெயர் வந்த கதை உனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும். ஒரு தடவை கல் ஏற்றும் லாரி ஒன்று. மூன்று பட்டறை ஏறி இறங்கி, இன்ஜினைப் பிரித்துச் சேர்த்துப் பார்த்தும் குறை தெரியவில்லை. அப்பா நீளத் திருப்புளியை எடுத்தார். நுனியை ஓடுகிற இன்ஜின் மேல் வைத்தார், கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டார், கண்ணை மூடினார். ஊமை மாதிரி இரண்டு நிமிஷம். பிறகு திருப்புளியை வாயிலிருந்து எடுத்து, "மூணாவது பேரிங்"னு சொன்னார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது பேரிங்தான். அன்றிலிருந்து எங்கெங்கிருந்தோ வண்டிகள் வந்தன. "அந்தாளுக்கு என்னா காதுய்யா"ன்னு டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். அவர் அதைக் கேட்டால் சிரிக்கமாட்டார், பல்லைத்தான் தடவிக்கொள்வார். முன்பல் இரண்டும் கைப்பிடிக்கு ஏற்றமாதிரி தேய்ந்திருந்தன.

பேச்சு உனக்குத் தெரிந்ததே. யார் என்ன சொன்னாலும் "சரி சரி, பாத்துக்கலாம்." பேங்க் மேனேஜர் காருக்கு என்ன செலவாகும் என்று கேட்டார், "சரி சரி, பாத்துக்கலாம்." இன்னொரு நாள் தன் மாமியார் இறந்துவிட்டதைச் சொன்னார், அதற்கும் அதேதான்.

சர்வீஸ் புத்தகத்தைத் தேடி அனுப்புகிறேன். தாள் முடிந்துவிட்டது. மற்றவை அடுத்த கடிதத்தில்.

உடம்பு பத்திரம்.

தம்பி


ஏப்ரல் 25

தம்பிக்கு,

தாள் முடிந்துவிட்டதாம். அந்த ஊரில் தாள் விற்கும் கடையெல்லாம் மூடிவிட்டார்களா?

திருப்புளிக் கதை நன்றாக இருக்கிறது. மலரில் அதுதான் முதல் பத்தி. ஆனால் நான் கேட்டது கிடைக்கவில்லை. நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். கண்ணாடியை உடைத்தது யார் என்று அம்மா கேட்டால், அன்று காற்று பலமாக அடித்ததைப் பற்றிப் பேசுவாய்.

ஒருவேளை நான் எதைக் கேட்கிறேன் என்று உனக்குப் புரியவில்லையோ என்னவோ. விவரமாகவே சொல்கிறேன். வேலைக்கான ஆர்டர் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வாரமும் அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் பட்டறைக்கு வந்தேன். ஒரு நீல லாரி, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அப்பா திருப்புளியைக் கடித்தபடி அதன் மேல் குனிந்திருந்தார். நீ ஓரமாக உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் தட்டில் பிஸ்டன் கழுவிக்கொண்டிருந்தாய். நான் அந்தக் கட்டத்தில் போய் நிற்கவில்லை. நான் என்ன வண்டிக்காரியா? மகள். கட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக வந்து, மட்கார்டில் கையை வைத்து, அவர் தோளுக்கு ஒட்டி நின்று சொன்னேன்: "அப்பா, இன்னைக்கு ஆறு மணி பஸ்ஸுக்குப் போறேன். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போகல."

சத்தியமாகப் போயிருக்கமாட்டேன். பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் வைத்திருப்பேன்.

அவர் "சரி சரி, பாத்துக்கலாம்" என்றுகூடச் சொல்லவில்லை. குனிந்தவர் குனிந்தபடி இருந்தார். பஸ் ஸ்டாண்டில் கடைசி நிமிஷம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு வரி எழுதியதில்லை. உன் கடிதத்தின் கடைசியில் "அப்பாவை விசாரித்ததாகச் சொல்" என்று எழுதினேன். "அப்பா நல்லா இருக்கச் சொன்னார்" என்று நீ எழுதினாய். பதினோரு வருஷமும் இவ்வளவுதான் எங்கள் பேச்சு.

இப்போது சொல், அவர் ஏதாவது சொன்னாரா?

அப்பாவோடு கப்பலில் இருந்தவர், நாம் பாய்லர் மாமா என்று கூப்பிடுவோமே, அவர் விலாசம் உன்னிடம் இருந்தால் அனுப்பு. கப்பல் கதை ஒன்றாவது வேண்டும்.

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்து கையைச் சுட்டுக்கொண்டேன். அப்பா இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பார். இப்போது கை தேறிவிட்டது. நீ சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் இருக்கிறாயா?

சர்வீஸ் புத்தகத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷ மருத்துவப் பரிசோதனையும் அதில் இருக்கிறது. கண் நன்று, காது நன்று, பல் நன்று. ஒரு குறை இல்லாத மனிதர். அப்படியே எழுதிவிடு.

பாய்லர் மாமா விலாசத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை.

நீ கேட்டதற்கு ஒன்று சொல்கிறேன். நீ போன மறுவருஷம் ஒரு பார்சல் வாங்க அப்பாவோடு தபாலாபீஸ் போயிருந்தேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டெலிபோன் போர்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அப்பா பார்சலை மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணுக்கே ஒருமாதிரி ஆகி, "என்ன வேணும் ஐயா?"ன்னு எழுந்து வந்துவிட்டாள். அப்பா, "ஒண்ணுமில்லம்மா. நாள் முழுக்க இதை மாட்டிக்கிட்டு இருந்தா காது வலிக்காதா?"ன்னு கேட்டார். பார்சலை எடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கோபமாக இருந்தவர் அப்படிக் கேட்பாரா? இதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இரு அக்கா. பழசைக் கிளறாதே.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

கையில் கட்டுப் போட்டாயா, இல்லை கிரீஸைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தாயா?

தபாலாபீஸ் கதையைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். போர்டில் நாலு இணைப்பைத் தப்புத் தப்பாகக் கொடுத்தேன். இருபது வருஷ சர்வீஸ் உள்ள சூப்பர்வைசர் அம்மா, "என்னடி, யார் ஞாபகம்?"னு கேட்டார். அப்பா ஞாபகம் என்றேன். அவர் நம்பவில்லை. இத்தனை நாளும் இதை ஏன் எனக்கு எழுதாமல் வைத்திருந்தாய்? வருஷத்துக்கு இப்படி ஒரு கதை அனுப்பியிருந்தால் நான் ஒரு தடவையாவது வந்திருப்பேனே.

நிம்மதி வரவில்லை. காது வலிக்குமா என்று யாரோ ஒரு பெண்ணிடம் கேட்டவர், என் கடிதத்தில் ஒரு வரி எழுதி என்னிடம் ஏன் கேட்கவில்லை?

பாய்லர் மாமா விலாசம் கிடைத்துவிட்டது. நான் டெலிபோன் ஆபரேட்டர் என்பதை மறந்துவிட்டாய் போல. சங்கத்துச் செயலாளரைக் கூப்பிட்டேன், இரண்டு நிமிஷ வேலை. மாமாவுக்குக் கடிதமும் போட்டாயிற்று.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இங்கு எல்லாம் சரியாக இருக்கிறது.

பாய்லர் மாமாவுக்கு ரொம்ப வயதாகிவிட்டது. ஒன்றோடு ஒன்றைக் குழப்பிச் சொல்வார், அதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அவர் பதிலுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். கையில் இருப்பதை வைத்து எழுதி அனுப்பிவிடு. ஒரு பக்கம்தானே.

தம்பி


ஆகஸ்ட் 5

தம்பிக்கு,

மூன்று மாதமாகத் தாள் கிடைக்காதவன் ஆறே நாளில் பதில் போட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்தது.

மாமாவுக்கு வயதாகியிருக்கிறது, ஆனால் குழப்பம் ஒன்றும் இல்லை. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"மகளே, உங்கப்பன் என்னைவிட நல்ல மெக்கானிக், என்னைவிடப் பெரிய திருடன். கப்பலில் அவன் நிற்கிற இடத்துக்கு இடப்பக்கம் ஜெனரேட்டர். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நிற்போம், வேறென்ன இருந்தது அப்போது? எட்டாம் வருஷமே அவனுக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதிலும் பாதிதான். ஆள் அந்தப் பக்கம் நின்று, வாயையும் பார்த்தால்தான் பேச்சு புரியும். வெளியே தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே! பரிசோதனையில் டாக்டர் பின்னால் நின்று மெல்லிய குரலில் எண் சொல்வார், இவன் திருப்பிச் சொல்லவேண்டும். நான் எதிர் வரிசையில் நின்று ஜாடை காட்டுவேன். மூக்கைச் சொறிந்தால் ஏழு, நெற்றியைத் துடைத்தால் நாலு. ஒரு தடவை எனக்கு நிஜமாகவே மூக்கு அரித்துவிட்டது. டாக்டர் இன்னும் வாயே திறக்கவில்லை, இவன் கம்பீரமாக 'ஏழு!' என்றான். டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே 'நன்று' என்று எழுதிவிட்டார். பல்லால் இன்ஜின் கேட்கும் வித்தையும் அங்கேதான் பழகினான். காது கேட்காவிட்டாலும் எலும்புக்குக் கேட்கும் என்பான். அவன் போய்விட்டான், இனி இதைச் சொல்வதில் தப்பில்லை."

ஏழு வரைக்கும் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மா ஏன் எங்கே போனாலும் அவருக்கு வலப்பக்கமாகவே நடந்தாள் என்று இப்போது தெரிகிறது. சாகும்வரை மூச்சு விடவில்லை, அழுத்தக்காரி. அவர் ஏன் டெலிபோனுக்குக் கையெழுத்துப் போடவில்லை என்பதும் தெரிகிறது. தரையில் ஏன் அந்தக் கட்டம் என்பதும். கப்பல் ஒழுங்கு என்று ஊரெல்லாம் நம்பியது, நானும் நம்பினேன்.

மகள் என்ற திமிரில் நான் கட்டத்தில் நிற்கவில்லை. அவருடைய செத்த காதிடம் போய் வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன். கண்ணை மூடிப் பல்லில் திருப்புளியோடு இருந்தவருக்கு நான் வந்ததே தெரியாது. பதினோரு வருஷம், தம்பி.

நீ மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருந்தாய். உனக்குத் தெரியுமா, தெரியாதா?

அக்கா


செப்டம்பர் 12

முப்பத்தெட்டு நாள் ஆயிற்று. தபால்காரர் மேல் பழி போடாதே. நீ உயிரோடு இருப்பது எனக்குத் தெரியும், நேற்று உன் பக்கத்து டயர் கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். "பட்டறையிலதான்மா இருக்கார், கூப்பிடவா?"ன்னு கேட்டார்கள். வேண்டாம் என்றேன். நீயாக எழுது.

அக்கா


அக்டோபர் 20

அக்கா,

உன்னை நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

எனக்குத் தெரியும்.

நீ போவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே தெரியும். பட்டறையில் அவருக்கு இடப்பக்கம் ஒரு டயர் வெடித்தது. தெருவே ஓடி வந்தது. அப்பா மட்டும் வலப்பக்கம் திரும்பி, யார் கூப்பிட்டது என்று பார்த்தார். நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார். "வெளிய தெரிஞ்சா ஒருத்தன் வண்டி கொண்டுவர மாட்டான்டா. அக்காகிட்டகூட சொல்லாதே. அவ டெலிபோன் வேலைக்குப் படிக்கிறா, அப்பனுக்குக் காது இல்லேன்னா சிரிப்பா"ன்னு சொன்னார். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

சத்தியத்துக்காகத்தான் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எழுதலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். அது பொய். "அப்பா, அக்கா வந்திருக்கா"ன்னு தோளைத் தட்டியிருந்தால் போதும், எந்தச் சத்தியமும் உடைந்திருக்காது. நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. "போகல" என்று நீ சொன்னதும் கேட்டது. குனிந்துகொண்டு அதே பிஸ்டனைத் திரும்பவும் கழுவினேன்.

நீ அப்பாவிடம் கேட்டாய். என்னிடம் கேட்கவில்லை. அம்மா போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எனக்கு இருபது வயது. பேசவே பேசாத ஒரு மனிதரோடு அந்த வீட்டில் என்னை விட்டுவிட்டுப் போகிறாய், "போகட்டுமாடா"ன்னு ஒரு வார்த்தை இல்லை. போறவ போகட்டும் என்று ஆத்திரம். அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து உன் பெட்டி இல்லாததைப் பார்த்தார். அந்த நீல லாரியையே எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். ஆறேகாலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். திரும்பி வந்து என் முன்னால் நின்று, வலது காதைக் காட்டிக்கொண்டு, என் வாயையே பார்த்தபடி கேட்டார்: "சொல்லிட்டுப் போனாளாடா?"

"இல்லப்பா" என்றேன்.

அது நன்றாகக் கேட்டது அவருக்கு.

மறுநாள் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பிறகு மறுவாரம். ஒரு வருஷம் ஆனபின் எந்த வாயால் சொல்வது? நீ அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தாய். அவர் உன்னைச் சொல்லாமல் ஓடிப்போனவள் என்று நினைத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் கம்பி நான்தான், கரண்ட் பாயாமல் பார்த்துக்கொண்டேன். உன் கடிதம் வந்தால், "நல்லா இருக்காளாமா?" என்று மட்டும் கேட்பார். கேட்டுவிட்டு எழுந்து பட்டறைக்குப் போய்விடுவார்.

இதையும் எழுதிவிடுகிறேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் அவர் கட்டில் சுவரோரம் இருந்தது. வலப்பக்கம் சுவர், இடப்பக்கம் மட்டும்தான் உட்கார இடம். கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. இடப்பக்கம் ஸ்டூலைப் போட்டு, வாய்கூடத் தெரியாதபடி முகத்தைக் கட்டில் சட்டத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா சொல்லிட்டுத்தான்பா போனா, நான்தான் பொய் சொன்னேன் என்று முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். சொன்னமாதிரியும் ஆயிற்று, அவர் கேட்காத மாதிரியும் ஆயிற்று. கட்டில் ஆடியதில் நான் அழுவது தெரிந்திருக்கும் போல. என் தலையில் கையை வைத்து, "சரி சரி, பாத்துக்கலாம்" என்றார். மறுநாள் போய்விட்டார்.

கட்டத்தை ஏன் துடைக்கவேண்டும் என்று சொன்னேன் என்று இப்போது உனக்குப் புரியும். இன்னும் துடைக்கவில்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

தம்பி


நவம்பர் 17

தம்பிக்கு,

நான் நன்றாக இல்லை. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு அறையிலேயே இருந்தேன். நீ சாப்பிடுகிறாயா? பதினோரு வருஷம் இதைத் தூக்கிக்கொண்டு திரிந்தவனுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும்?

கோபம் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று பொய் எழுதமாட்டேன். நம் வீட்டில் அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. "இல்லப்பா" என்ற அந்த ஒரு வார்த்தை என்னிடமிருந்து என் அப்பாவைப் பிடுங்கிக்கொண்டது. அவரிடமிருந்து என்னையும். ஆறேகாலுக்கு அவர் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றதை நினைத்தால் உன்னை அறையவேண்டும் போல இருக்கிறது. பஸ் கிளம்பியது ஆறு ஐந்துக்கு.

ஆனால் உன்னிடம் நான் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு நாலு நாள் ஆயிற்று. அது உண்மை. அந்தப் பட்டறையில் அன்று இரண்டு பேர் இருந்தார்கள், நான் ஒருவரிடம் மட்டும்தான் சொன்னேன். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அதை நினைத்ததில்லை. இதற்காக நீ செய்தது சரியாகிவிடாது. நான் செய்ததும் சரியாகிவிடாது.

இருபத்தாறாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். பத்து நாள் இருப்பேன். வீட்டுக்குப் போகாமல் நேரே பட்டறைக்கு வருவேன். கட்டத்தைத் துடைக்காதே. அதற்குள் நின்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் போகவேண்டும். அப்போது உனக்கு வேலை இருந்தாலும் சரி, நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நில்.

மலருக்கு எழுதி முடித்துவிட்டேன், நகல் இதோடு இருக்கிறது. திருப்புளியில் ஆரம்பித்திருக்கிறேன். மூக்கைச் சொறிந்த கதையையும் சேர்த்திருக்கிறேன், மாமா அனுமதி கொடுத்துவிட்டார். காது கேட்காததைப் பச்சையாகவே எழுதிவிட்டேன். இருபத்தெட்டு வருஷம் பல்லால் இன்ஜின் கேட்ட மனிதரைப் பற்றி இனி ஊர் என்ன சொல்லிவிடும்? வேண்டுமானால் திறந்த வாய் மூடாமல் பார்க்கும்.

கடைசி வரிகளை மட்டும் நீ அச்சுக்கூடத்துக்கே போய்ச் சரிபார். ஒரு எழுத்து மாறக்கூடாது. "இவருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் சொல்லிக்கொண்டுதான் போனாள். கடைசியில் மகன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான்."

எந்தப் பக்கம் என்று நான் எழுதவில்லை.

அக்கா